வக்கீல் காகிதமும் ஊர்ச் சம்மதமும்

அந்த இரண்டு வருஷமும் கொல்லிமலையில் மழையே இல்லை என்று சொன்னால் அது பொய். பெய்தது. விதைத்தபோது பெய்யாமல், கதிர் பிடித்தபோது பெய்யாமல், பதராய்ப் போன சாமையை அறுத்துப் போட்ட பிறகு வந்து மூன்று நாள் விடாமல் பெய்தது. அந்த மழையைத் திட்டியதுபோல் நான் என் ஜென்மத்தில் எந்த மனுஷனையும் திட்டியதில்லை. முதல் வருஷம் விதைத் தானியத்தைத் தின்றோம். இரண்டாம் வருஷம் காட்டு வள்ளிக்கிழங்கைத் தோண்டித் தின்றோம். மலை முழுக்க அதையேதான் தோண்டியது. கடைசியில் ஒரு கிழங்குக்கு ஒரு பகல் நடக்க வேண்டியதாயிற்று.

வீட்டில் மூன்று பேர். நான், என்னோடு இருந்தவள், எட்டு வயசுப் பெண்பிள்ளை. மனைவி என்று எழுதாமல் என்னோடு இருந்தவள் என்று எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. அதை இப்போதே சொல்லிவிட வேண்டும். அவளைச் சின்ன வயசிலேயே தாய்மாமன் மகனுக்குக் கட்டிக்கொடுத்திருந்தார்கள். இரண்டு பேருக்கும் ஒத்துப்போகவில்லை. எங்கள் பக்கத்தில் அதற்காக யாரும் கிணற்றில் விழுவதில்லை. பெண் தனக்குப் பிடித்தவனோடு போய் இருக்கலாம், ஊர் கூடி ஒப்புக்கொள்ளும். ஆனால் ஒரு கட்டுப்பாடு உண்டு. அதன் பிறகு அவளுக்கு எத்தனை பிள்ளை பிறந்தாலும் அவை தாலி கட்டியவனுடைய பிள்ளைகள். அவன் குலம்தான் அவர்கள் குலம், அவன் நிலத்தில்தான் பங்கு. பெற்றவன் வளர்க்கலாம், தோளில் தூக்கிச் சுமக்கலாம், அப்பன் என்ற பேர் மட்டும் அவனுக்குக் கிடையாது.

ஆகவே நான் பெற்ற பெண் என்னை மாமா என்று கூப்பிட்டாள். ஒரு மேட்டைத் தாண்டி அடுத்த ஊரில் இருந்த அந்த மனுஷனை அப்பா என்று கூப்பிட்டாள். அவர் நல்ல மனுஷன். நோம்பிப் பண்டிகைக்கு வந்து பிள்ளைக்குத் தேன் கொடுத்துவிட்டுப் போவார். அவர் முன்னால் நான் சிரித்துக்கொண்டு நிற்பேன். அவர் தலை மறைந்ததும் எதையாவது சாக்காக வைத்துக்கொண்டு ஆட்டைத் திட்டுவேன். எனக்கு அது வலிக்கவில்லை என்று சொன்னால் என் நாக்கு அழுகிப்போகும்.

இரண்டாம் வருஷக் கோடையில் பிள்ளைக்குக் கால் வீங்கியது. விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நின்றது. அந்த வருஷம் எங்கள் ஊரில் அப்படிக் கால் வீங்கிய நாலு குழந்தைகளைப் புதைத்திருந்தோம். அவள் அம்மா அந்தக் காலைத் தன் மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். என்னைத் திட்டியிருந்தால் பதிலுக்கு ஏதாவது கத்தியிருப்பேன், கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அந்த வாரம் கொடியில் காய்ந்துகொண்டிருந்த கொஞ்சம் மிளகை உதிர்த்துக்கொண்டு சேந்தமங்கலம் சந்தைக்கு இறங்கினேன். அங்கேதான் கங்காணியைப் பார்த்தேன். அக்கரைச் சீமையில் ரப்பர்த் தோட்டத்துக்கு ஆள் சேர்க்க வந்தவன். காலில் செருப்பு, கையில் குடை, வாயில் வெற்றிலை. பசியில் இருக்கிறவன் கண்ணுக்கு அவன் ராஜாவாகத்தான் தெரிந்தான்.

"வாங்க கவுண்டரே, குடும்பத்தோட வாங்க. ரெண்டு வேளை அரிசிச் சோறு. பொம்பளைக்கும் வேலை உண்டு. புள்ளைக்குப் பள்ளிக்கூடம் உண்டு" என்றான்.

எனக்கு எப்போதும் குறுக்குப் புத்தி. "ஏனுங்க, அந்த நாட்டுல சனமே இல்லீங்களா? முன்னப்பின்ன தெரியாத எங்களை எதுக்குங்க அவுங்க கூப்பிடறாங்க?" என்று கேட்டேன்.

அவன் சிரித்தான். "காட்டை வெட்டி மரம் வச்சாச்சு. மரம் பால் குடுக்குது. எடுக்கத்தான் கை இல்லை. அந்த ஊர்க்காரனுக்குச் சொந்த வயல் இருக்கு, அவன் எதுக்கு தோட்டத்துக்கு வர்றான்? வயிறு காயறவன்தானே வேலைக்கு வருவான்?"

அவன் பொய் சொல்லவில்லை, அதுவே எனக்குப் பிடித்திருந்தது. குடும்பமாக வந்தால் முதலில் இடம் என்றும், ஒண்டி ஆட்களைக் கொஞ்சம் பேரைத்தான் ஏற்றலாம் என்று சட்டம் இருக்கிறது என்றும் சொன்னான். துறைமுகத்து டிப்போவில் ஆபீசர் துருவித் துருவிக் கேட்பார், நிஜமான குடும்பமா என்று பார்ப்பார், அதனால் நாமக்கல்லில் ஒரு வக்கீலைப் பிடித்து முறையாகக் காகிதம் வாங்கிக்கொண்டு வா என்றான்.

விற்றதுபோக மீதி மிளகையும் ஒரு குடுவைத் தேனையும் வக்கீல் கூலிக்கு எடுத்துக்கொண்டு நாமக்கல் போனேன். வக்கீல் வயசானவர், மூக்குக் கண்ணாடிக்கு மேலே பார்த்துப் பேசுகிறவர். அவரிடம் ஒன்றும் மறைக்கவில்லை. அவளுக்கு முன்னால் ஒருத்தர் தாலி கட்டியதைச் சொன்னேன். எங்கள் வழக்கத்தையும் சொல்ல ஆரம்பித்தேன். அவர் கையைத் தூக்கி நிறுத்தினார்.

"அந்தப் பெண் உன்னோட எத்தனை வருஷமா இருக்கா?"

"பத்து வருசமுங்க."

"பிள்ளை யாருக்குப் பிறந்தது?"

"எனக்குத்தானுங்க."

"அப்புறம் என்னய்யா உங்க மலைக்கதை? உன் பெண்ஜாதி, உன் பிள்ளை. கப்பல்காரனுக்கு அவ்வளவு போதும். அவங்களுக்கு ஏன் குடும்பம் வேணும் தெரியுமா? ஒண்டி ஆள் கோபம் வந்தா ஓடிப்போவான். பெண்டாட்டி பிள்ளை இருக்கிறவன் ஏச்சையும் பேச்சையும் வாங்கிக்கிட்டு அங்கேயே கிடப்பான்."

குமாஸ்தா எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினார். 'மேற்படி பெண் குழந்தை எனக்குப் பிறந்த எனது சொந்த மகள் என்று சத்தியப் பிரமாணமாகச் சொல்லுகிறேன்.' எனக்கு அப்போது எழுதப் படிக்கத் தெரியாது. இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னேன். அவர் வாசித்தார். வெட்கம் கெட்டுப்போய் அவர் மேஜைக்கு முன்னாலேயே அழுதேன். குமாஸ்தா நான் செலவுக்குப் பயந்து அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டார்.

பிள்ளை இனிமேல் என்னை அப்பா என்றுதான் கூப்பிட வேண்டும், பழக்கிவை என்று வக்கீல் சொல்லி அனுப்பினார்.

மலைக்குத் திரும்பிக் காகிதத்தை அவளிடம் காட்டினேன். அவள் அதைத் தொடவில்லை.

"அவரைக் கேட்டீங்களா?" என்றாள்.

"எதுக்குக் கேக்கோணும்? சர்க்கார் காயிதத்துல எம்பட புள்ளைன்னு எழுதியாச்சு."

"கேக்காம எடுத்துட்டுப் போனா திருட்டுங்க. கடலைத் தாண்டிட்டாத் திருட்டு இல்லாமப் போயிருமா? புள்ளைக்கு நாளைக்கு ஒண்ணுன்னா அந்தச் சாமி நம்மளைத்தான் கேக்கும்."

கோபம் தலைக்கேறியது. பசியில் செத்தால் சாமி கேட்காதா என்று கத்தினேன். அவள் அசையவில்லை. உள்ளுக்குள் எனக்கும் தெரிந்திருந்தது. ஊரைக் கேட்காமல் ஒரு பிள்ளையை மலையிலிருந்து இறக்கிக்கொண்டு போவது எங்களில் யாரும் செய்யாத காரியம். தலை நிமிர்ந்து போக வேண்டுமென்றால் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

கோயில் வாசலில் ஊர் கூடியது. ஊர்க்கவுண்டர் விஷயத்தைச் சொன்னார். அந்த மனுஷன் பிள்ளையைக் கூப்பிட்டுத் தன் முன்னால் உட்கார வைத்து அந்த வீங்கின காலைத் தொட்டுப் பார்த்தார்.

"எம்பட ஊட்லயும் அடுப்பு எரிஞ்சு நாலு நாளாச்சுங்க. போகட்டும். எங்கியாச்சும் போய்ச் சோறு தின்னு பொழைக்கட்டும். அவ பங்கு நெலம் இங்கயே கெடக்கும், வந்து கேக்கிற அன்னிக்குக் குடுக்கறன்" என்றார்.

எனக்கு அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. செய்யவில்லை. மிளகு வாங்க வந்திருந்த கீழ்நாட்டு வியாபாரி ஒருத்தர் அங்கே இருந்தார். இந்த நல்ல காரியத்தை எழுதி வைத்துக்கொள்ளுங்கள் என்று அவரே ஒரு தாளை எடுத்தார். 'என் மகளை, அவள் தாயாரும், தாயாரை வைத்திருக்கும் இன்னாரும் அக்கரைச் சீமைக்கு அழைத்துப்போக எனக்குப் பரிபூரண சம்மதம்.' அந்த மனுஷன் கைநாட்டு வைத்தார். ஊர்க்கவுண்டர் சாட்சிக்குக் கைநாட்டு வைத்தார். ஊரே பார்த்துக்கொண்டிருந்தது.

இரண்டு காகிதத்தையும் சுருட்டி ஒரே மூங்கில் குழாய்க்குள் போட்டேன். ஒன்றுக்கு இரண்டாகக் காகிதம் இருக்கிறது என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. பெற்றது நான் என்று ஒரு காகிதம் சொல்கிறது. கூட்டிப்போகலாம் என்று இன்னொரு காகிதம் சொல்கிறது. இரண்டும் உண்மை. இரண்டு உண்மை ஒன்றையொன்று கடிக்கும் என்று எவன் நினைப்பான்?

புளியஞ்சோலைப் பக்கமாக இறங்கினோம். பிள்ளையை முதுகில் சுமந்தேன். வழியெல்லாம் அப்பா என்று கூப்பிடச் சொல்லி அவள் அம்மா பழக்கினாள். பிள்ளைக்குச் சிரிப்பு வந்தது, வெட்கம் வந்தது. கீழே ஓடைக்கு வந்தபோது, "அப்பா, தண்ணி" என்றாள். இரண்டு கையாலும் அள்ளிக் கொடுத்தேன். மறுபடியும் கேட்கட்டும் என்று வேண்டுமென்றே கொஞ்சமாகக் கொடுத்தேன்.

துறையூரில் கங்காணி எங்களைச் சேர்த்துக்கொண்டான். திருச்சிக்குப் போய் ரயிலேறி, துறைமுகத்து ஊரில் இறங்கினோம். டிப்போ என்பது தகரக் கூரை போட்ட நீளமான கொட்டகைகள். எங்களைப்போல எத்தனையோ குடும்பங்கள் அங்கே இருந்தன. எங்களைக் குளிக்க வைத்தார்கள், அம்மை குத்தினார்கள், டாக்டர் கண்ணையும் நாக்கையும் பார்த்தார். அதைவிடப் பெரிய விஷயம், இரண்டு வேளையும் அரிசிச் சோறு போட்டார்கள். பிள்ளை தட்டை நக்கித் துடைப்பாள். ஆறு ஏழு நாளிலேயே கால் வீக்கம் வடிந்துவிட்டது. பழைய கணுக்கால் எலும்பு தெரிய ஆரம்பித்தது. ராத்திரி அவள் தூங்கின பிறகு நாங்கள் இரண்டு பேரும் அந்தக் காலைத் தடவிப் பார்த்துக்கொள்வோம். கப்பல் கூட வேண்டாம், இந்தக் கொட்டகையிலேயே இருந்துவிடலாம் என்று அவள் அம்மா சொன்னாள். நான் சிரித்தேன். சிரித்து எத்தனை காலமாயிற்று என்று நினைத்துக்கொண்டேன்.

எங்கள் முறை வந்தது. ஆபீசர் தமிழர்தான், பொறுமையாகப் பேசினார். வக்கீல் காகிதத்தை முழுக்கப் படித்தார். பேர், வயசு, ஊர் எல்லாம் கேட்டார். பிள்ளையைப் பார்த்து, "இது யாரு பாப்பா?" என்று என்னைக் காட்டினார். "அப்பா" என்றாள், இப்போது சிரிக்காமலே. அவர் பேனாவை மையில் தோய்த்தார். எல்லோரிடமும் கேட்கிற கேள்வியை என்னிடமும் கேட்டார்.

"இந்தப் பெண்ணையும் பிள்ளையையும் நீ கூட்டிப்போறதுல ஊரில் யாருக்கும் ஆட்சேபனை இல்லையே?"

இல்லை என்று சொல்லிவிட்டு வாயை மூடியிருக்கலாம். ஒரு வார்த்தை. ஊமைக்குக்கூடத் தலையை ஆட்டத் தெரியும். நான் நிமிர்ந்து நின்றுகொண்டு, "இல்லீங்க சாமி, அதுக்கும் காயிதம் இருக்குதுங்க" என்று குழாயிலிருந்து உருவி மேஜையில் வைத்தேன். அவர் கேட்கவில்லை. நானாகத்தான் வைத்தேன்.

அவர் படித்தார். வக்கீல் காகிதத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மறுபடி படித்தார். பேனாவைக் கீழே வைத்தார்.

"இந்தக் கைநாட்டு யாருது?"

"அது பிள்ளையோட அப்பாவுதுங்க" என்றாள் அவள், பளிச்சென்று.

"அப்போ இவர்?"

"இவருந்தானுங்க."

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். ஆபீசர் சிரிக்கவில்லை. நான் எங்கள் வழக்கத்தைச் சொல்ல ஆரம்பித்தேன். அவசரத்தில் எதை முன்னால் சொல்வது, எதைப் பின்னால் சொல்வது என்று தெரியாமல் உளறினேன். சொல்லச் சொல்ல நான் அடுத்தவன் பெண்டாட்டியையும் பிள்ளையையும் தள்ளிக்கொண்டு வந்தவன் மாதிரி எனக்கே கேட்டது.

"குடும்பம்னு காட்டுறதுக்காகப் பிள்ளைகளைத் திருடிக்கிட்டு வர்றவங்களை நான் பார்த்திருக்கேன்" என்றார் அவர். "நீ அப்படிப்பட்டவன் இல்லைன்னு உன் முகத்தைப் பார்த்தாத் தெரியுது. ஆனா முகத்தை நான் ஃபைல்ல வைக்க முடியாது. இதுல ஒண்ணு பொய். பிரமாணம் பண்ணிப் பொய் சொன்னதுக்கு உன்னை ஜெயிலுக்கு அனுப்பலாம். அனுப்பலை. இனி எந்த ஆபீஸிலயாவது இந்தப் பிள்ளை உன் மகள்னு சொன்னே, வழக்குதான்."

அவர் காலைப் பிடித்தேன். பிள்ளையின் காலைத் தூக்கிக் காட்டினேன். பாருங்க சாமி, வீக்கம் இப்பத்தான் வடிஞ்சிருக்குது, திருப்பி அனுப்பாதீங்க, என்னை ஜெயில்ல போட்டுட்டு இவங்களை ஏத்திவிடுங்க என்றேன். அவர் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார். திரும்பி வந்து உத்தரவு எழுதினார். பெண் இன்னொருத்தர் மனைவி, ஏற்ற முடியாது. பிள்ளையைச் சேவகன் காவலில் கொண்டுபோய்த் தகப்பன் கையில் ஒப்படைத்து, ஊர் மணியக்காரரிடம் ரசீது வாங்கி வர வேண்டும். அவ்வளவுதான். கங்காணி வாசலில் காத்திருந்து என் தாயையும் பாட்டியையும் இழுத்து வைதான்.

திரும்பி வருகிற ரயிலில் பிள்ளை, "கப்பல் எப்பங்கப்பா வரும்?" என்று கேட்டாள். அப்பா என்று சொல்லாதே என்று அவள் அம்மா வாயைப் பொத்தினாள். எதிரே சேவகன் உட்கார்ந்திருந்தான். பத்து நாள் முன்னால் அப்பா என்று சொல்லப் பழக்கியவளும் அவளேதான். பிள்ளைக்கு ஒன்றும் புரியவில்லை, எங்கள் முகத்தை மாறி மாறிப் பார்த்தாள்.

சேந்தமங்கலத்தில் எங்களை நிறுத்திவிட்டு மலைக்கு ஆள் அனுப்பினார்கள். ஒரு பகல் அவகாசம் இருந்தது. நாமக்கல்லுக்கு ஓடினேன். வக்கீல் தலையில் அடித்துக்கொண்டார். "நான் எழுதினதே போதும்யா. அந்த இன்னொரு காகிதத்தை ஏன் காட்டினே? அதை எழுதினப்ப எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அந்த அடுப்புல போட்டிருப்பேனே." ஏதாவது மனு போட முடியுமா என்று கேட்டேன். "இப்ப நான் உனக்காகப் பேசினா பொய்ப் பிரமாணத்துக்கு நானும் கூடவே நிக்கணும். போய்ச் சேரு" என்று குமாஸ்தாவிடம் என்னை அனுப்பிவிட்டார். குமாஸ்தா ஒரு டம்ளர் மோர் கொடுத்தார். குடித்துவிட்டு வந்தேன்.

மறுநாள் அந்த மனுஷன் வந்தார். முன்னைவிட இளைத்திருந்தார். மலையிலிருந்து இறங்கியதிலேயே மூச்சு வாங்கியது. மணியக்காரர் உத்தரவைப் படித்துச் சொன்னார்.

"நாந்தான் சம்மதம் குடுத்துட்டனுங்களே" என்றார் அவர். "புள்ளை அவங்களோடயே இருக்கட்டுமுங்க. எம்பட ஊட்ல அதுக்குச் சோறு இல்லீங்க."

"சம்மதம் குடுத்தவன் நீ. அப்ப தகப்பன் நீ. வேற யார் கையிலயாவது பிள்ளையை விட்டேன்னா நீதான் பதில் சொல்லணும். வருஷத்துக்கு ரெண்டு தடவை மலைக்கு ஆள் வந்து பார்ப்பான்."

எட்டு வருஷமாக எங்கள் வழக்கம் அந்தப் பிள்ளையை அம்மா மடியில்தான் விட்டு வைத்திருந்தது. பேர் ஒருத்தருக்கு, வளர்ப்பு ஒருத்தருக்கு என்று யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தவன் நான். அதை இங்கே எழுதுவதைத் தவிர எனக்கு வேறு பரிகாரம் தெரியவில்லை.

அவள் தன் துணி மூட்டையைப் பிரித்து, என் வேட்டியையும் துண்டையும் தனியாக எடுத்து மடித்து என் பக்கத்தில் வைத்தாள். பிறகு மூட்டையை மறுபடி கட்டினாள்.

"புள்ளை போற ஊட்டுக்கு நானும் போறனுங்க" என்றாள். "அங்க அதுக்குன்னு கெழங்கு தோண்ட ஆள் வேணுமல்ல."

அவள் மடித்து வைத்த வேட்டியை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டேன். அந்த மனுஷன் என்னைப் பார்க்க முடியாமல் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அவருக்கும் இது வேண்டாம். மூன்று பெரியவர்கள், ஒருத்தருக்கும் வேண்டாத காரியத்தை ஒரு சேவகன் முன்னால் வரிசையாக நின்று செய்துகொண்டிருந்தோம்.

ரசீதில் அவர் கைநாட்டு வைத்தார். ஒப்படைப்பவர் என்று கீழே இன்னொரு இடம் இருந்தது. அது எனக்கு. மணியக்காரரின் குமாஸ்தா பேரை எழுதிவிட்டு, தலையைத் தூக்காமல், "பிள்ளைக்கு நீ என்ன உறவு?" என்று கேட்டார்.

பிள்ளை என் பக்கத்தில்தான் நின்றாள். நான் என்ன சொல்லப் போகிறேன் என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். மகள் என்று சொன்னால் ஜெயில். மாமா என்றால் எந்த வழியில் மாமா என்று தோண்டி மறுபடி அங்கேயே வந்து நிற்கும். நான் ஜெயிலுக்குப் போனால், ஒரு மேட்டுக்கு அப்பால் இருக்கிற அந்த வீட்டுக்குக் கிழங்கு கொண்டுபோய்ப் போடக்கூட ஆள் இருக்காது.

"யாருமில்லீங்க" என்றேன்.

சத்தம் சரியாக வரவில்லை. குமாஸ்தா மறுபடி கேட்டார். பிள்ளைக்கும் நன்றாகக் கேட்கும்படி இரண்டாவது தரமும் சொன்னேன்.